அண்ணன் காரை நிறுத்த ஓர் இடம்

கோடைக்கானலுக்கு நான் குளிர்ச்சி தேடிப் போகவில்லை. ஒரு காரை அப்புறப்படுத்தப் போனேன்.

கொழும்பில் நான் வேலை செய்யும் கடை விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கோடைக்கானல் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கனி ராவுத்தர். அந்தப் பெயரை நான் அதற்குமுன் கேட்டதில்லை. 'தங்கள் தமையனார் தண்டபாணி சென்ற வருஷம் மழை தொடங்கிய சமயம் நெஞ்சில் சளி கட்டிக் காலமானார். அவருடைய கார் பதினொரு மாதமாக எங்கள் கொல்லையில் நிற்கிறது. என் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன். பந்தல் போட இடம் வேண்டும். தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளவும்.' அண்ணன் செத்துப்போன செய்திக்கு ஒரு வரி, காருக்கு நான்கு வரி.

நாங்கள் பழனிக்காரர்கள். அப்பா அடிவாரத்தில் தேங்காய் பழக்கடை வைத்திருந்தார். பதினாறு வயதில் நான் கப்பலேறி, கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்கப் போனேன். பிறகு அந்தக் கடையின் வேனை ஓட்டத் தொடங்கினேன். அண்ணனும் டிரைவர்தான். பழைய ஆஸ்டின் ஒன்றை வாங்கிக் கோடைக்கானலில் வாடகைக்கு ஓட்டினான். அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபோது தந்தி வந்தது. தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. போகட்டுமா என்று கேட்டேன். முதலாளி முகத்தைச் சுளித்தார். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. அதுதான் உண்மை. பத்து நாள் கழித்து அண்ணனிடமிருந்து ஒரு கார்டு வந்தது: 'காரியம் முடிந்தது. இனி நீ வர வேண்டாம்.' அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவன் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

புதன்கிழமை மலையேறினேன். பஸ் முழுக்கக் குடும்பங்கள். கம்பளித் தொப்பி போட்ட குழந்தைகள், ஊறுகாய் ஜாடிகள், ஒரு தையல் மிஷின்கூட வந்தது. வளைவுக்கு வளைவு யாராவது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த மதுரைக்காரர் எனக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டு, "குடும்பம் முன்னாடியே போயிருச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை, தனியாகத்தான் போகிறேன் என்றேன். "சீசன்ல தனியாவா? கோடைக்குத் தனியா யாருங்க போவா?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டு, அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இலங்கை மலையூரான நுவரெலியாவைப் பல முறை பார்த்தவன் நான். வசந்த காலத்தில் அங்கேயும் கார்கள் குவியும். ஆனால் குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றிப் பரந்த வெளி கிடக்கிறது, நூறு கார் வந்தாலும் விழுங்கிவிடும். கோடைக்கானல் அப்படியில்லை. ஊரே ஒரு சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிறது. பஜாரிலிருந்து ஏரி வரை சென்னைக் கார், திருவிதாங்கூர்க் கார், பம்பாய்க் கார் என்று ஒன்றின் வாலை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. நல்லவேளை, கார் இல்லாமல் வந்தோம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் நான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

ராவுத்தர் ஒல்லியான மனிதர். மஃப்ளரைக் காதைச் சுற்றிக் கட்டியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "சொல்லவே வேண்டாம். அதே நெத்தி, அதே மூக்கு" என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனார்.

கறுப்பு ஆஸ்டின் நான்கு டயரும் தரையோடு படிந்து நின்றது. கூரைமேல் வெங்காயச் சருகு காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். பின் சீட்டில் ஒரு கூடை. அதில் ஒரு கோழி என்னை முறைத்தது.

"முட்டைய அட வச்சிருக்கு தம்பி," என்றார் ராவுத்தர் சங்கடத்தோடு. "இந்தக் குளிருக்கு இதவிடக் கதகதப்பான எடம் வீட்டுல இல்லை. கூடைய மட்டும் அலுங்காம எடுக்கணும்னு வீட்டுல சொல்லியிருக்கா."

அந்தக் கூடையை எடுத்து வைத்துவிட்டு, காருக்குப் பக்கத்திலேயே நின்று அண்ணனின் கடைசி நாட்களைச் சொன்னார். "மேலுக்கு முடியாம வண்டிய இங்க நிறுத்திட்டுப் போயி மூணு நாளு ஆசுபத்திரியில கெடந்தாரு. யாருக்குச் சொல்லி விடணும்னு கேட்டேன். யாருமில்லைன்னாரு. நாங்களும் நம்பிட்டோம். டாக்சிக்காரங்கதான் பாடையத் தூக்குனாங்க. கல்யாணத்துக்காக வண்டிய ஒழிச்சப்பத்தான் டிக்கியில ஒரு தகர டப்பா கெடச்சது. ஆர்சி புக்கு, கூட ஒரு பழைய கவரு. அதுல உங்க கொழும்பு விலாசம்."

கவரை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். உள்ளே கடிதம் இல்லை.

அன்று மத்தியானம் ராவுத்தர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். சுடச்சுடச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, மலைப் பூண்டை முழுசு முழுசாகப் போட்டு வதக்கிய அவரைக்காய். கொழும்பில் நாங்கள் பன்னிரண்டு பேர் கடை மாடியில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள். உட்கார வைத்து ஒருவர் பரிமாறி நான் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தேன். கணக்குச் சரியாக வரவில்லை.

வியாழக்கிழமை வெள்ளனே பட்டறையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். டயர்களுக்கு ஒட்டுப் போட்டுக் காற்றடித்தார். ஹாண்டிலைப் போட்டு இருவரும் மாறி மாறிச் சுற்றினோம். பதினாறாவதோ பதினேழாவதோ சுற்றில் எஞ்சின் இருமி, கறுப்புப் புகை கக்கி, உயிர் பிடித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மெக்கானிக் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பிரேக் ரப்பர் பூரா இத்துப்போச்சுங்க. மதுரையிலருந்து பஸ்ஸுல வரணும். ஞாயித்துக்கெழமை சாயந்தரம் ஆயிரும். அதுவரைக்கும் மலையெறங்குற நெனப்பே வேண்டாம். ஊருக்குள்ள வேணா முதல் கியர்ல, ஹாண்ட் பிரேக்கப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உருட்டுங்க. நிறுத்துனா மட்டும் சமதரையாப் பாத்து நிறுத்துங்க."

வத்தலக்குண்டில் ஒரு லாரி ஷெட்காரர் காரை வாங்கிக்கொள்வதாக ராவுத்தர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். ஆனால் காரை அங்கே கொண்டுபோய் விடவேண்டும். ஆகத் திங்கட்கிழமை வரை ஆஸ்டினுக்கு ஓர் இடம் வேண்டும், அதுவும் சமதரையாக. பந்தக்கால்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டன. ராவுத்தர் என்னை விரட்டவில்லை. பந்தல்காரர்கள்தான் கைகட்டிக்கொண்டு காரைப் பார்த்து நின்றார்கள்.

முதலில் ஏரிக்கரைக்குப் போனேன். ஊரிலேயே மட்டமான சாலை அதுதான். ஒரு ஓரம் கிடைத்தது. எஞ்சினை அணைத்துக் கீழே இறங்கினேன். பக்கத்துக் காரில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். "இதை யாரோ இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றல்லவா நினைத்தேன்" என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது. காரைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா தெரியவில்லை. அதற்குள் ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"வண்டிய எடுங்க. சீசன்ல ஏரிக்கரையில நிறுத்தக்கூடாதுன்னு ஆர்டர்."

"அந்தக் காரெல்லாம் நிக்குதே?"

"அதுக்குள்ள ஆள் இருக்கு. ஆள் எறங்குனா அது நிறுத்துன வண்டி. ஏறி ஒக்காந்தா நிக்கிற வண்டி."

"சரி, எங்கதான் நிறுத்துறது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது எனக்குத் தெரியாதுங்க. எங்க நிறுத்தக்கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லியிருக்காங்க."

பக்கத்துப் பெரிய ஹோட்டலில் கார் ஷெட்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்று காலி. அதன் ஒரு நாள் வாடகை நான் தங்க எடுத்திருந்த அறையின் வாடகையைவிட அதிகம். நான் ஷெட்டில் படுத்துக்கொண்டு காரை அறையில் விட்டால் கட்டுப்படியாகும் என்று சொன்னேன். காவல்காரர் சிரிக்கவில்லை. புறக்கோட்டையில் சந்துக்குச் சந்து எனக்குத் தெரியும். எந்தக் கடைக்காரர் எத்தனை மணிக்குக் கடை சாத்துவார், யார் வாசலில் யார் வேன் நிற்கலாம் எல்லாம் அத்துப்படி. இங்கே கார் வைத்திருப்பவனுக்கு ஊரில் ஆள் வேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

முதல் கியரில் முனகிக்கொண்டே டாக்சி ஸ்டாண்டுக்கு ஏறினேன். அங்கே உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்த டிரைவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எழுந்துவிட்டார்கள்.

"தண்டபாணி அண்ணன் வண்டில்ல?" என்று முன்னால் வந்தவர் பிச்சைமுத்து. ஐம்பது வயதிருக்கும். நான் யாரென்று சொன்னதும் மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூடப்பொறந்த தம்பியா? ஒரு வார்த்தை சொன்னதில்லையே அந்த மனுசன்."

"உங்களோடதான் நிப்பானா?"

"எங்கங்க! இங்க ஒரு வாய்த்தகராறு வந்துச்சு. அன்னையிலருந்து ஸ்டாண்டுக்குள்ள வண்டியக் கொண்டுவரல. சவாரி கெடச்சா ஓட்டுவாரு, இல்லைன்னா எங்கயாச்சும் ஒரு மரத்தடியில வண்டிக்குள்ளயே ஒக்காந்திருப்பாரு. தூக்குன நாலு பேர்ல நானும் ஒருத்தன். எதுக்குச் சொல்றேன்னா, எங்களுக்கு அவரு மேல கோவம் இல்லை."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிச்சைமுத்து பார்வையைத் திருப்பிக்கொண்டு, "சாயந்தரம் வரைக்கும் என் எடத்துல போடுங்க. அப்புறம் சவாரி முடிஞ்சு எல்லா வண்டியும் திரும்பிரும்" என்றார். வியாழனும் வெள்ளியும் பகல் பொழுது இப்படிக் கழிந்தது. பொழுது சாய்ந்ததும் காரை நான் தங்கியிருந்த அறைக்குக் கீழேயுள்ள சந்துக்குக் கொண்டுவந்தேன். அது சரிவுதான். இரண்டு பெரிய கல்லைத் தேடிப் பிடித்துச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. காருக்குள் உட்கார்ந்தேன். அண்ணன் உட்கார்ந்த சீட் இடப்பக்கம் குழிந்திருந்தது. அவனுக்கு அந்தப் பக்கம் சாயும் பழக்கம் உண்டு. சின்ன வயதில் திண்டுக்கல் ரோட்டில் இருவரும் சைக்கிள் ஓட்டப் பழகியபோதே அப்படித்தான். சந்தின் முனையில் புதுமணத் தம்பதிகள் சுட்ட சோளம் தின்றுகொண்டு போனார்கள். ஒரு வீட்டில் தெலுங்கில் யாரோ சிரித்துச் சிரித்துக் கதை சொன்னார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டேன். ஏற்றிய பிறகு, இப்படித்தான் அவனும் ஏற்றியிருப்பான் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலையில் கூச்சல் கேட்டு இறங்கி ஓடினேன். சந்து முனை டீக்கடைக்காரர் பெஞ்சு ஆடுகிறது என்று என் முட்டுக்கற்களில் ஒன்றை எடுத்துப்போய்விட்டார். கார் தானாக இருபதடி இறங்கி, ஒரு பழக்கார அம்மாளின் பிளம்ஸ் கூடைகள்மேல் ஏறி நின்றிருந்தது. ஆளுக்கு அடியில்லை. தெருவெல்லாம் சிவப்புச் சாறு.

"ஏலே, யாரு வண்டிலே இது! வில்பட்டியிலருந்து தல நோகச் சொமந்தாந்த பழம் பூரா கூழாப் போச்சே!" என்று அந்த அம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். நான் முன்னால் போய் நின்றேன். கூட்டத்தில் யாரோ, "தண்டபாணி வண்டி, ஆத்தா. செத்துப்போனாருல்ல" என்றார்கள். அவள் குரல் சட்டென்று இறங்கியது. காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"அவரு வண்டியா... மழ நாள்ல என்னைப் பாத்தா நிறுத்திக் கூடைய ஏத்திக்கிருவாரு. ஒரு வார்த்த பேச மாட்டாரு, மொகத்தக்கூடத் திருப்ப மாட்டாரு. ஆனா ஏத்திக்கிருவாரு." பிறகு என்னைப் பார்த்து, "அதுக்காகப் பழத்துக்கு விட்டுருவேன்னு நெனைக்காதீங்க" என்றாள்.

நசுங்கிய பழத்தையெல்லாம் நானே வாங்கிக்கொண்டேன். அதில் நல்லதாகப் பொறுக்கி எடுத்துக் காலைச் சாப்பாடாகத் தின்றேன். பல்லெல்லாம் கூசியது. போலீஸ்காரர் வேறு வந்து, இனி இந்தச் சந்தில் வண்டி நின்றால் கேஸ் எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் பிச்சைமுத்துவுக்கு எட்டியது. "மொதல்லயே எனக்குத் தோணாமப் போச்சு பாருங்க. மாதா கோயில் வளவுக்குக் கொண்டுபோங்க. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை அவரு வண்டி அங்கதான் நிக்கும்" என்றார்.

பஜாருக்கு மேலே, தைல மரங்கள் சூழ்ந்த அந்தக் கோயில் வளவு பலகை போட்டதுபோல மட்டமாக இருந்தது. விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்த, கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் காரைப் பார்த்தார். "அந்த ரெண்டாவது மரத்துக்குக் கீழ போடுங்க. அது இந்த வண்டியோட எடந்தான். ஒண்ணும் குடுக்க வேண்டாம்."

"அண்ணன் கோயிலுக்கு வருவானா?"

"உள்ள வர மாட்டாரு. வண்டியிலயே இருப்பாரு. பூசை முடிஞ்சதும் கெளம்பிருவாரு." விளக்கைத் துடைக்கத் திரும்பிவிட்டார்.

மூன்று நாளில் முதல் தடவையாகக் கல் தேடாமல் காரை நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். பூசை நடந்துகொண்டிருந்தது. மூடுபனி மரத்தடி வரை இறங்கியிருந்தது. வெளியே நிற்கக் குளிரவே, காருக்குள் ஏறி உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. ஜனங்கள் வெளியே வந்தார்கள்.

முன்பக்கக் கதவு திறந்தது. சாம்பல் நிறப் புடவை, தலையில் முக்காடு, ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மாள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். மடியில் ஜெபப் புத்தகத்தையும் அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டாள். நேரே முன்னால் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"மன்னிச்சிக்கோங்க," என்றாள். "வண்டி நிக்கிறதப் பாத்தேன். காலு தானா வந்துருச்சு. அவரு இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஏறுனேன்."

இறங்கப் போனவளை, "இருங்க. நான் அவன் தம்பி வேலுச்சாமி" என்று சொல்லி நிறுத்தினேன்.

அவள் பெயர் ஞானம்மாள். ஏரிக்கு அப்பால் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் துணி தேய்க்கிறாள். புருஷன் இளம் வயதிலேயே போய்விட்டான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காசு கொடுக்காமல் வண்டி நிறுத்த இடம் தேடி அண்ணன் இந்த வளவுக்குள் வந்து வாசலை அடைத்து நிறுத்தியிருக்கிறான். ஜனங்கள் வெளியே வர வழியில்லை. ஞானம்மாள்தான் போய்ச் சத்தம் போட்டவள்.

"திருப்பி ஒண்ணும் பேசலைங்க. வண்டிய மரத்தடிக்கு எடுத்துட்டு, 'எங்க போகணும், விட்டுர்றேன்'னாரு. மழை பெஞ்சுச்சு, ஏறிட்டேன். அடுத்த வாரமும் நின்னாரு." அவள் கண்ணாடியில் படிந்த பனியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் பூசை காண்கிற நேரம் பூரா இங்க இருப்பாரு. அப்புறம் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போவோம். அவரு சாமி கும்பிட்டு வர்ற வரைக்கும் நான் வண்டியில இருப்பேன். வெயிலடிச்சா அங்கருந்து பழனி மலை தெரியும்பாரு. எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்லை. தெரியுதுன்னு சொல்லிருவேன்."

"கல்யாணம்..." என்று இழுத்தேன்.

"கேட்டாருங்க. மூணு தடவை கேட்டாரு. எங்க அண்ணன் வத்தலக்குண்டு பக்கம் வேதம் சொல்லிக்குடுக்குற உபதேசியாரா இருக்காரு. அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயம். ஈஸ்டர் போகட்டும்னேன், கிறிஸ்மஸ் வரட்டும்னேன். நாளத் தள்ளுனது நான்தான். அவரு ஆசுபத்திரியில கெடந்ததே எனக்குத் தெரியாது. ரெண்டு ஞாயித்துக்கெழமை வண்டியக் காணோமேன்னு கோவமா இருந்தேன். மூணாவது வாரம் கோயில்பிள்ளை சொன்னாரு."

பிறகு நான் கேட்டேவிட்டேன். நான்கு நாளாக எல்லாரிடமும் கேட்க நினைத்த கேள்வி. "என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்வானா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு பொய் சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது என்று நினைக்கிறேன். சொல்லவில்லை. "இல்லைங்க. தம்பி ஒருத்தர் இருக்காருன்னே இன்னைக்குத்தான் தெரியும். எனக்கு யாருமில்லைன்னுதான் சொல்லுவாரு. அப்ப அவரு செத்தது உங்களுக்கு எப்படித் தாக்கல் வந்துச்சு?"

டிக்கியில் கிடந்த கவரைப் பற்றிச் சொன்னேன். அதில் கடிதம் இல்லை, விலாசம் மட்டும்தான் என்றும் சொன்னேன்.

"அத ஏன் வச்சிருந்தாருன்னு எனக்குத் தெரியலைங்க," என்றாள். எனக்கும் தெரியாது. மன்னித்து வைத்திருந்தான் என்று எழுதிவிட ஆசைதான். அப்படி எழுத என்னிடம் ஆதாரம் இல்லை.

பள்ளிக்கூடம் வரைக்கும் விட்டுவிடுகிறேன் என்றேன். பிரேக் சரியில்லை, மெதுவாகத்தான் போவேன் என்று எச்சரித்தேன். அவரும் மெதுவாகத்தான் போவார் என்றாள். ஏரிச் சாலையில் ஆள் நடக்கிற வேகத்தில் போனோம். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்து அடித்துக் கடந்தன. தூரத்தில் பள்ளிக்கூடத்து மதில் தெரிந்ததும், அதற்கு முந்தைய வளைவில் என் கால் தானாகவே தயங்கியது. அங்கே சாலையோரம் வண்டி நின்று நின்று புல் தேய்ந்த ஒரு தடம் இருந்தது.

"இங்கதான் எறங்குவேன்," என்றாள் ஞானம்மாள். "யாராச்சும் பாத்துருவாங்கன்னு. அஞ்சு வருசமும் இங்கயேதான்."

ஹாண்ட் பிரேக்கை இழுக்கப் போனேன். "வேண்டாங்க. பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கே விடுங்க," என்றாள்.

வாசலில் ஆயாக்களும் ஒரு காவல்காரரும் இரண்டு வெள்ளைக்கார டீச்சர்களும் நின்றிருந்தார்கள். நேரே அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவசரப்படவில்லை. புடவையைச் சரிசெய்து, இறங்கி, கதவைச் சாத்தி, ஜன்னல் வழியாகக் குனிந்தாள். "ஊருக்குப் போயி ஒரு கடுதாசி போடுங்க. எனக்கு வாசிக்கத் தெரியும்." முக்காட்டைத் தோளுக்கு இறக்கிவிட்டு அவர்கள் நடுவே நடந்து உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை பிரேக் தயாராகிவிட்டது. ராவுத்தர் வீட்டில் கல்யாணக் களை. பந்தலில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள்; நெய்ச்சோற்று மணம் பஜார் வரை வந்தது. "மத்தியானம் இருந்து சாப்புட்டுப் போங்க தம்பி" என்று அவர் கையைப் பிடித்தார். கூட்டத்தில் உட்காரும் மனநிலை எனக்கு இல்லை. அவருடைய வீட்டம்மா ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினார்.

மலையிறக்கத்தில் பெருமாள் மலை தாண்டி ஓரிடத்தில் வண்டியை ஓரம் கட்டி, அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். கீழே வத்தலக்குண்டுப் பக்கம் வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றிருக்கலாம்; யாரும் வந்து எடு என்று சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அழுதேன். அம்மா செத்ததற்கு அழவில்லை, அண்ணன் செத்த கடிதம் வந்தபோதும் அழவில்லை. எல்லாம் சேர்ந்து வந்தது. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

லாரி ஷெட்காரர் காரைத் தட்டிப் பார்த்து, எஞ்சினைக் கேட்டு, தலையாட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டுச் சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். ஐந்து நாளாகப் பார்க்கும் இடமெல்லாம் கார் நிற்குமா நிற்காதா என்று அளந்த கண், அப்போதும் அளந்துகொண்டேயிருந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு புளியமரத்தடி. நல்ல நிழல், நல்ல சமதரை.

மண்டபம் முகாமில் கப்பலுக்குக் காத்திருப்பவர்களை வரிசையில் நிறுத்திப் படிவம் எழுதினார்கள். பெயர், தொழில், கொழும்பு விலாசம் எல்லாம் சொன்னேன். எழுத்தர் அடுத்த கட்டத்துக்கு வந்தார்.

"உங்களுக்கு ஒண்ணுன்னா இந்தியாவுல யாருக்குத் தெரிவிக்கணும்? ஒரு பேரு சொல்லுங்க."

பின்னால் நின்றவர் மூட்டையால் என் முதுகை இடித்தார். எழுத்தர் பேனாவை உதறினார். "வெரசாச் சொல்லுங்க. யாருமில்லைன்னா கோடு போட்டுருவேன்."

"ஞானம்மாள்," என்றேன். பள்ளிக்கூடத்து விலாசத்தையும் சொன்னேன்.

"என்ன உறவு?"

"மதினி," என்றேன். "என் அண்ணன் சம்சாரம்."

அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.